பங்கு கேள்!

புதன்கிழமை விடிந்தால் உனக்கு ஏன் வயிற்றைப் பிசைகிறது?

தவணை நாள்! தெருமுனையில் பைக் சத்தம் கேட்கிறது. அடுப்பில் வைத்த உலையை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடுகிறாய். "ஒரு ஐந்நூறு இருக்குமா அக்கா?"

போன வாரமும் கேட்டாய். அதற்கு முந்தின வாரமும் கேட்டாய்.

குழுக்கடனை அடைக்கத் தண்டல். தண்டலை அடைக்கப் பத்து வட்டி. பத்து வட்டியை அடைக்கக் காதில் கிடந்த தோடு. தோடும் போனபின் என்ன செய்வாய்?

பத்து வட்டி என்றால் என்னவென்று கணக்குப் போட்டிருக்கிறாயா? 100 ரூபாய்க்கு மாதம் 10 ரூபாய். வருடத்துக்கு 120 ரூபாய்! வாங்கிய பணத்தைவிட வட்டி பெரிது.

அந்த வட்டியையும் கட்டினாய். பிள்ளைகளுக்கும் சோறு போட்டாய். பள்ளிக்கூடத்துக்கு நோட்டும் வாங்கிக் கொடுத்தாய்.

இத்தனையும் செய்த நீயா "எனக்கு வியாபாரம் வராது" என்கிறாய்?

100 ரூபாயை வைத்து வருடத்துக்கு 120 ரூபாய் வட்டி கட்டும் அளவுக்கு உன் உழைப்பு விளைந்திருக்கிறது. எந்தப் பெரிய முதலாளி அப்படிச் சம்பாதித்துக் காட்டுவான்? விளைச்சலில் குறை இல்லை. அது யார் களஞ்சியத்துக்குப் போகிறது என்பதில்தான் குறை!

உன் கைக்கு வேலை தெரியும். உன் வாய்க்குப் பங்கு கேட்கத் தெரியவில்லை. அதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

பென்னாகரம் பக்கமோ அரூர் பக்கமோ ஒரு கிராமத்துக்குப் போ. வாரத்துக்கு ஆடு வளர்ப்பதைப் பற்றிக் கிழவிகளிடம் கேள்.

பணம் உள்ளவர் ஒரு பெட்டை ஆடு வாங்கிக் கொடுப்பார். பணம் இல்லாதவள் மேய்ப்பாள். குட்டி போட்டால் ஆளுக்குப் பாதி.

குட்டி போடாத மாதம் மேய்ப்பவளிடம் யாராவது வட்டி கேட்டார்களா? ஆடு நோயில் செத்தால், நேர்மையான வாரத்தில் அவளிடம் ஆட்டு விலை கேட்டார்களா? இல்லை! அவருக்கு ஆடு போனது. இவளுக்கு மேய்த்த பாடு போனது. இரண்டு பேரும் இழந்தார்கள். இரண்டு பேரும் மறுபடி தொடங்கினார்கள்.

எழுத்தறிவு இல்லாத நம் பாட்டிகள் செய்த ஒப்பந்தம் இது!

இதே போன்ற ஒப்பந்தத்துக்கு இஸ்லாமிய வணிக நெறியில் முளாரபா என்று பெயர். ஒருவர் முதல் போடுகிறார். இன்னொருவர் உழைப்பைப் போடுகிறார். லாபத்தை எந்த விகிதத்தில் பிரிப்பது என்று முன்கூட்டியே பேசி முடிக்கிறார்கள். பாதிக்குப் பாதியோ, 60க்கு 40ஓ, அது அவர்கள் பேச்சு.

ஆனால் ஒன்று பேசக்கூடாது. "லாபம் வந்தாலும் வராவிட்டாலும் மாதம் எனக்கு இவ்வளவு தந்துவிடு" என்று பேசக்கூடாது! பேசினால் அது வட்டி. இஸ்லாம் வட்டியைத் தடுத்தது, வணிகத்தை அனுமதித்தது.

நட்டம் வந்தால்? முதல் போட்டவருடைய முதல் குறையும். உழைத்தவளுடைய உழைப்பு வீணாகும். அவள் வீட்டுப் பாத்திரத்தை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது.

இரண்டு பேருமே முதல் போட்டால் அதற்கு முஷாரகா என்று பெயர். லாபத்தைப் பேசியபடி பிரிக்கலாம். நட்டத்தை அவரவர் போட்ட முதலின் விகிதத்தில்தான் தாங்க வேண்டும்.

பெயர் அரபி. பொருள் உன் வீட்டுத் தாழ்வாரத்தில் கட்டியிருந்த ஆடு! முஸ்லிம் வீட்டுப் பெண்ணே, இது உன் மார்க்கம் தந்த நெறி. மற்ற வீட்டுப் பெண்ணே, இது உன் பாட்டி தந்த வாரம். இரண்டு பேருக்கும் இதில் அந்நியமானது எது?

சரி, புளிக்கு வருகிறேன். தருமபுரியில் புளியை விட்டுவிட்டு எதைப் பேசுவது?

மாசி, பங்குனியில் புளி இறங்குகிறது. நீ என்ன செய்கிறாய்? களத்தில் உட்கார்ந்து ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுக்கிறாய். விரல் நுனி கறுத்துப்போகிறது. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு வருகிறாய்.

அதே புளியை ஒருவர் வாங்கி வைத்திருந்து, வரத்து குறைந்த மாதத்தில் விற்கிறார். அவருக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்? அறிவா? இல்லை! நல்ல புளி எது, ஈரப் புளி எது என்று அவரைவிட உன் விரலுக்குத் தெரியும். வித்தியாசம் நான்கு மாதம் காத்திருக்கும் முதல். அவ்வளவுதான்!

"அப்படியென்றால் நானும் குழுக்கடன் வாங்கிப் புளி வாங்கட்டுமா?" என்று கேட்பாய். கேள், நல்ல கேள்விதான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

20,000 ரூபாய் கடன் என்று வைத்துக்கொள். வாரம் 480 ரூபாய் தவணை என்று வைத்துக்கொள். புளியைப் பங்குனியில் வாங்கி வைத்தாய். ஆடியில்தான் விற்பாய்.

தவணை ஆடி வரை காத்திருக்குமா? அடுத்த வாரமே வரும்! 17 வாரத்தில் 8,160 ரூபாய் கட்டியிருக்க வேண்டும். ஒரு கிலோ புளி விற்காமல் அந்தப் பணம் எங்கிருந்து வரும்?

பாதிப் புளியை வந்த விலைக்குத் தள்ளுவாய். இல்லையென்றால் பத்து வட்டிக்குப் போவாய். நீ தோற்றது புளியிலா? இல்லை. உன் தொழிலின் பருவமும் கடனின் பருவமும் ஒட்டவில்லை!

இப்போது பங்குக் கணக்கைப் பார். அதே 20,000 ரூபாய். ஒருவர் முதலாகப் போடுகிறார். வாங்கிய விலை, சாக்கு, வண்டிக்கூலி எல்லாம் அதற்குள். ஆடியில் புளியும் கொட்டையும் சேர்த்து 28,000 ரூபாய்க்குப் போகிறது.

லாபம் 8,000 ரூபாய். 60க்கு 40 என்று பேசியிருந்தால் உனக்கு 4,800. அவருக்கு 3,200. இடையில் ஒரு புதன்கிழமைகூட உன் வீட்டு வாசலில் பைக் நிற்கவில்லை!

விலை விழுந்து 17,000 ரூபாய்க்குத்தான் போனதா? 3,000 ரூபாய் நட்டம் முதல் போட்டவருக்கு. உன் நான்கு மாத உழைப்பு உனக்கு நட்டம். வலிக்கும். கண்ணீர் வரும். ஆனால் கடன் வராது!

ஒன்றை மறக்காதே. நீ புளியை ஈரத்தரையில் அசட்டையாகப் போட்டுப் பூசணம் பிடிக்கவிட்டால், அல்லது விற்ற விலையை மறைத்தால், அந்த நட்டத்துக்கு நீதான் பொறுப்பு. பங்காளி என்றால் பொறுப்பும் உண்டு. சலுகை கேட்டு இங்கே வராதே!

"நான் ஆண்துணை இல்லாதவள்" என்கிறாயா?

மக்காவில் ஒரு விதவை இருந்தார். 1,400 ஆண்டுகளுக்கு முன்னால்! பெயர் கதீஜா. அவருடைய சரக்கு ஒட்டகங்களில் சிரியா வரை போயிற்று. ஆட்களிடம் சரக்கை ஒப்படைத்து, லாபத்தில் பங்கு பேசி அனுப்பினார் என்று வரலாறு சொல்கிறது.

அப்படி அவருடைய சரக்கை எடுத்துப் போன நேர்மையான இளைஞர்தான் முஹம்மது. பின்னாளில் நபிகள் நாயகம். அந்த வணிகத்தில் கண்ட நேர்மையைப் பார்த்துத்தான் அன்னை கதீஜா அவரை மணக்க முன்வந்தார்.

முதல் போட்டவர் ஒரு பெண்! விகிதம் பேசியவர் ஒரு பெண்! நீ பங்கு பேசக் கூச்சப்படுகிறாயா?

இனி ஒரு கசப்பான உண்மை. இந்தப் பங்கு முறையில் பணம் தரும் வங்கி உன் ஊரில் இல்லை. இந்தியாவிலேயே இல்லை.

வட்டியில்லா நிதி வசதி வேண்டும் என்று 2008இல் பொருளியல் அறிஞர் ரகுராம் ராஜன் தலைமையிலான குழு பரிந்துரைத்தது. 2017இல் ரிசர்வ் வங்கி, இஸ்லாமிய வங்கி யோசனையை மேற்கொண்டு எடுத்துச் செல்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டது.

உடனே கையை விரித்துவிட்டாயா? "அதுதான் இல்லையே!" என்று எழுந்து போகிறாயா? உட்கார்!

வாரத்துக்கு ஆடு விட எந்த வங்கி உரிமம் கொடுத்தது? இரண்டு பேர் சேர்ந்து தொழில் செய்து லாபத்தைப் பிரித்துக்கொள்ள இந்த நாட்டில் 1932ஆம் ஆண்டிலிருந்து கூட்டாண்மைச் சட்டம் இருக்கிறது. விவரம் தெரிந்த ஒருவரை வைத்து ஒப்பந்தம் எழுது. யார் என்ன போடுகிறார், எப்படிப் பிரிப்பது, நட்டம் யாருக்கு. மூன்றையும் தெளிவாக எழுது!

சிறிதாகத் தொடங்கியவர்களின் கதையைக் கேள். எகிப்தில் மித் கம்ர் என்ற சிறு நகரம். 1963இல் அங்கே அகமது அல் நஜ்ஜார் என்பவர் ஒரு சேமிப்பு வங்கி தொடங்கினார். வட்டி இல்லை. பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் விவசாயிகள், சிறு தொழில் செய்தவர்கள். இன்று உலகம் முழுக்க உள்ள இஸ்லாமிய வங்கிகள் தங்கள் மூதாதையாகக் காட்டுவது நைல் கரையில் அந்தச் சிறு நகரத்தில் இருந்த வங்கியைத்தான்.

2001இல் பாகிஸ்தானின் லாகூரில் ஒரு விதவைக்கு 10,000 ரூபாய் கொடுத்தார்கள். வட்டி இல்லாத கடன். கர்ழ் ஹஸன், அழகிய கடன் என்பார்கள். அவள் உழைத்தாள், திருப்பிக் கொடுத்தாள். அதிலிருந்து எழுந்ததுதான் அகுவத் அமைப்பு. அதன் நிறுவனர் அம்ஜத் சாகிப் 2021இல் ராமன் மகசேசே விருது பெற்றார். அது பங்கு முறை இல்லை, கடன்தான். ஆனால் கவனி. ஒரு பெண் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், அதன்மேல் ஒரு அமைப்பே எழுந்தது!

இவ்வளவு நல்ல முறை என்றால் ஏன் பரவவில்லை? இங்கேதான் நீ காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

உலகில் இஸ்லாமிய நெறிப்படி ஏழைகளுக்கு நிதி தரும் அமைப்புகளில் பெரும்பாலானவை முளாரபா செய்வதில்லை. முராபஹா செய்கின்றன. அதாவது உனக்கு வேண்டிய தையல் மிஷினை அவர்களே வாங்கி, வெளிப்படையாகச் சொன்ன லாபம் வைத்து உனக்கு விற்பார்கள். நீ தவணையில் கட்டுவாய்.

ஏன் பங்கு சேரப் பயப்படுகிறார்கள்? சிறு தொழில் செய்பவர்களிடம் கணக்கு இல்லை! எவ்வளவு விற்றது என்று தெரியாமல் லாபத்தை எப்படிப் பிரிப்பது?

கேட்டாயா? உனக்கும் அந்த முதலுக்கும் நடுவே மலை நிற்கவில்லை. காவிரி ஓடவில்லை. இல்லாதது ஒரு நோட்டுதான்! 40 பக்க நோட்டு!

கடன் கொடுப்பவருக்கு உன் கணக்கு தேவையில்லை. தவணை வந்தால் போதும். நீ வாழ்ந்தாயா, நொந்தாயா என்று அவர் கேட்க வேண்டியதே இல்லை. பங்கு சேருபவருக்கு உன் கணக்கு தேவை. மழை பெய்ததா, புளி நனைந்ததா, சந்தையில் என்ன விலை என்று அவர் கேட்டே ஆக வேண்டும். உன் கவலை அவர் கவலை ஆகிறது.

அதனால் நோட்டு இல்லாதவள் கடன்தான் வாங்குவாள். நோட்டு உள்ளவள் பங்கு கேட்பாள்!

"எனக்கு எழுதப் படிக்க வராதே..."

வந்துவிட்டதா அந்தச் சாக்கு? இதற்காகத்தான் காத்திருந்தேன்.

2011 கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் நம் தருமபுரிதான். 68.5 சதவீதம். பெண் பிறந்தால் கள்ளிப்பாலுக்குக் கை போன கொடுமையும் இந்தப் பகுதிகளில் நடந்தது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் தருமபுரிக்கும் கொண்டுவர வேண்டியிருந்தது. மறைக்க மாட்டேன். மறைத்தால் உன் உயரம் தெரியாது!

ஏனென்றால் அதே மண்ணில்தான், 1989 செப்டம்பரில், தமிழ்நாட்டின் மகளிர் சுயஉதவிக் குழு இயக்கம் பிறந்தது. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது. சென்னையில் இல்லை. கோவையில் இல்லை. கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த அந்தப் பழைய தருமபுரி மாவட்டத்தில்!

நபார்டு வங்கி நாடு முழுக்க 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனையை 1992இல்தான் தொடங்கியது. மகளிர் திட்டம் என்ற பெயரில் தமிழகம் முழுக்கப் பரவத் தொடங்கியது 1997-98இல். உன் ஊர்ப் பெண்கள் முந்திவிட்டார்கள்!

அவர்கள் யார்? பட்டம் படித்தவர்களா? கைநாட்டு வைத்தவர்கள்! குழுவில் உட்கார்ந்து கையெழுத்துப் போடக் கற்றவர்கள். ஊக்குநர் ஆனார்கள், பிரதிநிதி ஆனார்கள். தீர்மான நோட்டு, ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு என்று பிரித்து வைத்து எழுதினார்கள்.

உன் அம்மா அந்தக் குழுவில் இருந்திருக்கலாம். பரணில் ஏறிப் பார். பழைய சேமிப்புப் பாஸ்புக் கிடக்கலாம். அதை எடுத்து வைத்துக்கொண்டு, "எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லிப் பார். சொல்ல நாக்கு எழுகிறதா?

எழுதத் தெரியாதா? மகள் ஏழாவது படிக்கிறாளே, அவளை எழுதச் சொல். நீ சொல், அவள் எழுதட்டும். இரண்டு பேருக்கும் படிப்பு!

"வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ?"

கடன் வாங்கக் கையெழுத்துப் போட்டபோது அவர் என்ன சொன்னார்? கூடவே வந்தார் அல்லவா? கடனுக்கு வந்தவர் பங்குக்கும் வரட்டும். நோட்டை அவருக்கும் காட்டு. மறைக்க என்ன இருக்கிறது?

"ஒருமுறை கடை போட்டுத் தோற்றுவிட்டேன்..."

எதனால் தோற்றாய்? உடனே பதில் சொல். வாடகையாலா? கடன் சொல்லி வாங்கிப் போனவர்களாலா? மாவு மிஞ்சியதாலா? தெரியவில்லையா?

அதுதான் உண்மையான நட்டம். பணம் போனதுகூட இல்லை, எதனால் போனது என்று தெரியாததுதான்! நோட்டு இருந்திருந்தால் அந்தத் தோல்வி உனக்குப் பாடம் சொல்லியிருக்கும். இப்போது அது உன்னைப் பயமுறுத்திக்கொண்டு மட்டும் இருக்கிறது.

இன்னொரு பயம் இருக்கிறது. அது நியாயமான பயம். அதை உதறச் சொல்ல மாட்டேன். கெட்டியாகப் பிடித்துக்கொள்!

நமக்குப் பக்கத்தில்தான் பெங்களூரு. அங்கே ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் ஹலால் முதலீடு என்று சொல்லி வசூலித்தது. 2019 ஜூனில் கதவு மூடியது. அதன் தலைவர் நாட்டை விட்டுப் போய், அடுத்த மாதம் டெல்லியில் கைதானார். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு சிக்கிக்கொண்டது. மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம்! அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கொதிக்கிறது.

இறைவன் பெயரைச் சொன்னால் மட்டும் கணக்கு சரியாகிவிடாது. "மாதாமாதம் தவறாமல் இவ்வளவு லாபம்" என்று எவன் சொன்னாலும் ஒன்று கேள்: "என்ன தொழில்? நோட்டைக் காட்டு!" லாபம் ஏறும், இறங்கும். ஆடு எல்லா மாதமும் குட்டி போடாது! போடுகிறது என்பவனை வாசலோடு அனுப்பு.

இனி, வசதி உள்ளவர்களே, உங்களோடும் இரண்டு வார்த்தை.

ரமலானில் வாசலில் வரிசை நிற்க வைத்துக் கையில் கொஞ்சம் பணத்தைத் திணித்து அனுப்புகிறீர்களே, அடுத்த ரமலானில் அதே பெண் அதே வரிசையில் நிற்கிறாளே, அதைப் பார்த்து உறுத்தவில்லையா?

சேமிப்பில் 40இல் ஒரு பங்கு ஏழைகளுக்கான ஜகாத். அதில் ஒரு பெண்ணுக்குத் தொழில் கருவி வாங்கித் தரலாமே! ஜகாத் போக மீதி இருக்கும் சேமிப்பில் 20,000 ரூபாயைப் புளியில், ஆட்டில், தையலில் பங்காகப் போடலாமே! ஜமாஅத்தில் பைத்துல்மால் என்று ஒரு பொதுநிதிப் பெட்டி வைத்தால் போதாது. வாரம் ஒருநாள் உட்கார்ந்து நோட்டுப் பார்க்க நான்கு பேர் வேண்டும். அதில் இரண்டு பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

பெண்ணே, நீயும் சும்மா இராதே! மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் என்று ஒன்று உண்டு. திரட்டும் நன்கொடைக்கு ஏற்ப அரசும் பணம் தருகிறது. ஆட்சியர் அலுவலகத்தில் சிறுபான்மையினர் நலப் பிரிவுக்குப் போய்க் கேள். அடுத்த வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு போ. இன்று வா, நாளை வா என்றால் நாளையும் போ!

பங்கு கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதே. "அய்யா, உதவி பண்ணுங்க" என்று ஆரம்பிக்காதே. நோட்டைப் பிரித்து மேஜைமேல் வை. "மூணு மாசக் கணக்கு இது. இவ்வளவு வாங்கினேன், இவ்வளவு வித்தேன், இவ்வளவு மிஞ்சுச்சு. முதல் போடுங்க, லாபத்துல பங்கு தர்றேன்" என்று சொல்.

குரல் நடுங்குமா? நடுங்கட்டும்! நடுங்கிக்கொண்டே சொல்.

முதல்முறை "பார்க்கலாம்" என்பார்கள். இரண்டாம்முறை "யோசிக்கிறோம்" என்பார்கள். ஆறு மாதக் கணக்கோடு போ. ஒரு வருடக் கணக்கோடு போ. எத்தனை நாள் மறுப்பார்கள்?

நோட்டு எங்கே?

பிள்ளையின் பையில் பாதி எழுதிய பழைய நோட்டு இருக்கும். அதில் வெற்றுப் பக்கங்களைக் கிழித்துத் தைத்துக்கொள். முதல் பக்கத்தில் இன்றைய தேதி போடு. இன்று எத்தனை கிலோ புளி உடைத்தாய்? கூலி எவ்வளவு? பஸ்ஸுக்கு எவ்வளவு? கையில் நின்றது எவ்வளவு?

தெரியாதா? யோசி. ஞாபகம் வரும். அடுப்பு அணையட்டும், பிள்ளைகள் தூங்கட்டும், விளக்கை மட்டும் அணைக்காதே.

தேதி போட்டாயா?